கொசு உங்களை மட்டும் தேடி வருவது ஏன்?

கேள்வி:

மாலையில் நடப்பது, தோட்ட வேலை, ஏரிக்கரையில் போய் உட்காருவது எல்லாம் எனக்கு உயிர். ஆனால் கொசு என்னை விடுவதில்லை. பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தாலும் என்னைத்தான் கடிக்கும். பக்கத்திலேயே அரைக்கால் சட்டையோடு இருக்கும் என் கணவரைத் தொடாது. "உன் ரத்தம் இனிப்பு" என்று கிண்டல் செய்கிறார். இப்போது ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கிறேன். கடி இன்னும் கூடிவிட்டது. ஐந்து வயது மகனுக்கு ஒரு கொசு கடித்தால் போதும், முழங்கை வரை வீங்கிக்கொள்கிறது. கொசு விரட்டும் கைப்பட்டை, செல்போன் செயலி, சிட்ரோனெல்லா மெழுகுவத்தி, பூண்டு மாத்திரை எல்லாம் முயன்று பார்த்துவிட்டோம். பூசும் கிரீம்களில் கெமிக்கல் இருக்குமே என்று பயந்து அவற்றைத் தொடவில்லை. சாயங்காலம் ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கிறோம். அடுத்த மாதம் ஏரிக்கரையில் ஒரு பகலும் ஓர் இரவும் தங்குவதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். போகலாமா, வேண்டாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

போகலாம். ஆனால் கிளம்புமுன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் பகுதியில் மலேரியாவோ ஜிகாவோ பரவிக்கொண்டிருந்தால், இந்த முறை இடத்தை மாற்றுங்கள். கர்ப்ப காலத்தில் மலேரியா வந்தால் தாய்க்கும் கடுமை, சிசுவுக்கும் கடுமை. ஜிகா கிருமி வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். இவ்விரண்டும் இல்லாத இடம் என்றால், ஏழாம் மாதத்தில் வெளியே தங்குவதற்கு உங்கள் மகப்பேறு மருத்துவர் சரி சொன்னால், கொசுவுக்காக மட்டும் பயணத்தை விட வேண்டியதில்லை. நான் பூச்சியியல் படித்து, கொசுக் கட்டுப்பாட்டில் வேலை செய்பவன். கொசுப் பக்கத்தை நான் சொல்கிறேன். மருந்துப் பக்கம் வரும்போது மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

முதலில் உங்கள் கணவரின் கிண்டலை முடித்துவிடுவோம். ரத்தத்தின் சர்க்கரைக்கும் கொசுவுக்கும் சம்பந்தமில்லை. கொசுவுக்கு இனிப்பு வேண்டுமென்றால் அது பூந்தேனுக்குப் போகும். ஆண் கொசுக்கள் வாழ்நாள் முழுக்க அதைக் குடித்துத்தான் வாழ்கின்றன. கடிப்பது பெண் கொசு மட்டும்தான், அதுவும் முட்டை வைக்கத் தேவையான புரதத்துக்காக. தோலுக்குள் ஊசியைச் செருகும் வரை உங்கள் ரத்தம் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியவும் தெரியாது. அது தேடி வருவது வேறு தடயங்களை.

நாம் வெளியே விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுதான் முதல் தடயம். காற்று சரியாக வீசினால் பல மீட்டர் தூரத்திலிருந்தே கொசு அதை உணரும். உணர்ந்ததும் காற்றை எதிர்த்து அந்த வாயு வரும் திசையில் பறக்கத் தொடங்கும். கொஞ்சம் நெருங்கியதும் கண் வேலை செய்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட முடிவின்படி, கரியமில வாயுவை முகர்ந்த ஏடிஸ் என்ற வகைக் கொசுக்கள் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, பச்சை கலந்த நீலம் ஆகிய நிறங்களை நோக்கிப் போகின்றன; வெள்ளை, பச்சை, ஊதா நிறங்களை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. அந்த வாயு இல்லாதபோது நிறம் எதுவும் அவற்றுக்குப் பொருட்டில்லை. இன்னும் அருகே வந்தால் உடலின் சூடு, வியர்வையின் ஈரம், தோலின் வாசனை. யாரைக் கடிப்பது என்று முடிவாவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

தோல் வாசனை ஆளுக்கு ஆள் வேறு. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வாஷலின் குழு 64 பேரின் கையில் நைலான் உறை போட்டு, அதில் ஏறிய வாசனையைக் கொசுக்களுக்குக் காட்டியது. அதிகம் கவர்ந்தவரின் வாசனை, குறைவாகக் கவர்ந்தவரின் வாசனையைவிட நூறு மடங்குக்கு மேல் கொசுக்களை இழுத்தது. அதிகம் கவர்ந்தவர்களின் தோலில் கார்பாக்சிலிக் என்ற வகை அமிலங்கள் கூடுதலாக இருந்தன. காலம் போனாலும் அவர்களுடைய கவர்ச்சி மாறவில்லை. லண்டனில் இரட்டையர்களை வைத்து 2015-இல் நடந்த சிறு ஆய்வில், ஒத்த இரட்டையர் இருவரையும் கொசுக்கள் ஏறக்குறைய ஒரே அளவில் நாடின. ஒத்திராத இரட்டையரிடம் அந்த ஒற்றுமை இல்லை. ஆக, இதில் பிறவிக்கூறு இருக்கிறது. சோப்பை மாற்றிப் பார்ப்பதாலோ சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பதாலோ இது பெரிதாக மாறிவிடாது.

இப்போது கடி கூடிவிட்டது என்கிறீர்களே, அது உங்கள் பிரமை இல்லை. காம்பியா நாட்டில் நடந்து 2000-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், மலேரியா பரப்பும் கொசுக்கள் மற்றப் பெண்களிடம் வந்ததைப்போல் இரண்டு மடங்கு கர்ப்பிணிகளிடம் வந்தன. கர்ப்பத்தின் பிற்பகுதியில் இருந்தவர்கள் வெளியிட்ட மூச்சின் அளவு 21 சதவீதம் அதிகம். வயிற்றுத் தோலின் சூடும் 0.7 டிகிரி கூடுதல். உங்கள் கணவரும் நீங்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாலும், கொசுவுக்கு உங்கள் தடயம்தான் அழுத்தமாகக் கிடைக்கிறது. அவர் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டு விசிறியை உங்கள் பக்கம் திருப்பி வைக்கலாம். விசிறியைப் பற்றிக் கீழே சொல்கிறேன். அது சாதாரணப் பொருள் இல்லை.

கொசு உங்களைக் கண்டுபிடிக்கும் வழி இதுதான் என்று தெரிந்த பிறகு, நீங்கள் வாங்கிய பொருட்கள் ஏன் தோற்றன என்பது விளங்கிவிடும். கைப்பட்டையின் வாசனை மணிக்கட்டைச் சுற்றிக் கொஞ்சம் இருக்கும். கணுக்காலுக்கு வரும் கொசுவுக்கு அதனால் என்ன? மார்க் ஃப்ராடின், ஜோனதன் டே என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். மருந்து பூசிய கையைக் கொசுக் கூண்டுக்குள் விட்டு, முதல் கடிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். கைப்பட்டைகள் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. சிட்ரோனெல்லா கலந்த பொருட்களில் பெரும்பாலானவை 20 நிமிடத்துக்குள் கைவிட்டன. டீட் என்ற விரட்டி மருந்து 23.8 சதவீதம் கலந்த பொருள் சராசரியாக ஐந்து மணி நேரம் நின்றது. அந்த வாசனை எண்ணெய்கள் கொசுவுக்குப் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அவை சீக்கிரம் ஆவியாகிவிடுகின்றன. மெழுகுவத்தியில் ஏற்றினால் இன்னும் நீர்த்துப்போகும்.

செல்போன் செயலியை இன்றே அழித்துவிடுங்கள். காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டலாம் என்பது பல்லாண்டுகளாக விற்கப்படும் கற்பனை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2007-இல் பத்து களச் சோதனைகளை அலசியது. ஒன்றில்கூடக் கடி குறையவில்லை. பூண்டு மாத்திரை, வைட்டமின் பி மாத்திரை இரண்டையும் ஆட்களுக்குக் கொடுத்துச் சோதித்துவிட்டார்கள், பயனில்லை. நீல விளக்கில் பூச்சி வந்து பொசுங்கும் மின்பொறியை யாராவது பரிந்துரைத்தால் வாங்காதீர்கள். அமெரிக்காவின் டெலவேரில் ஒரு கோடை முழுக்க இப்படிப் பொசுங்கியவற்றை எண்ணினார்கள்: 13,789 பூச்சிகள், அவற்றில் கடிக்கும் இனத்தவை 31. மற்றவை அந்துப்பூச்சி, வண்டு என்று யாருக்கும் தீங்கு செய்யாதவை. மனிதனின் மூச்சைத் தேடி வரும் உயிருக்கு விளக்கின் மேல் என்ன அக்கறை?

பயந்து ஒதுக்கிய கிரீம்களுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். வேலை செய்யாதவற்றையெல்லாம் வாங்கிவிட்டு, வேலை செய்யும் ஒன்றை மட்டும் விட்டிருக்கிறீர்கள். உங்களைப் போல எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான்.

தோலில் பூசுபவற்றில் நான் நம்பிச் சொல்லும் மருந்துகள் நான்குதான்: டீட், பிக்காரிடின், ஐஆர் 3535, பிஎம்டி. டப்பியின் முன்பக்கம் இலை, பூ, சிரிக்கும் குழந்தை என்று படம் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் செயல்படும் மருந்தின் பெயரும் சதவீதமும் இருக்கும், அதைப் படியுங்கள். டீட்டை டைஎத்தில் டொலுவமைடு என்று முடியும் நீண்ட பெயரிலும், பிக்காரிடினை ஐகாரிடின் என்றும் அச்சிடுவார்கள். பிஎம்டி என்பது எலுமிச்சை மணமுள்ள ஒருவகை யூகலிப்டஸிலிருந்து பதப்படுத்தி எடுப்பது. வெறும் யூகலிப்டஸ் எண்ணெய் வேறு, அதை இதற்குப் பதிலாகப் பூசிப் பயனில்லை. பிஎம்டி மூன்று வயதுக்குக் கீழே கூடாது. உங்கள் மகனுக்கு வயது ஐந்து என்பதால் அந்தத் தடை இல்லை.

சதவீதத்தைப் பலர் 'வீரியம்' என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது நேரக் கணக்கு. 10 சதவீத டீட் சுமார் இரண்டு மணி நேரம் தாங்கும். 20 முதல் 30 வரை உள்ளது நான்கைந்து மணி நேரம் போகும். 50-ஐத் தாண்டினால் கூடுதல் நேரம் எதுவும் கிடைப்பதில்லை. எரிச்சலும் பிசுபிசுப்பும்தான் மிச்சம். அரை மணி நேர மாலை நடைக்கு 10 சதவீதம் போதும். ஏரிக்கரை நாளுக்கு 20 சதவீதப் பிக்காரிடினை நான் தேர்ந்தெடுப்பேன். அதற்கு வாசனை குறைவு, தோலில் ஒட்டாது. டீட்டிடம் உள்ள ஒரு கெட்ட பழக்கமும் அதற்கு இல்லை: டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மூக்குக் கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரக் கண்ணாடி, செயற்கை இழைத் துணி எல்லாம் கறைபடும், பாழாகும். பிளாஸ்டிக்கையே கரைப்பது தோலை என்ன செய்யும் என்று உடனே கேட்பீர்கள். பிளாஸ்டிக்கைக் கரைக்கும் குணம் கரைப்பான் என்ற முறையில் வருவது. நகப்பூச்சு நீக்கும் திரவமும் பிளாஸ்டிக்கைக் கரைக்கத்தான் செய்கிறது, விரல் கரைவதில்லை.

டீட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1946-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கியது. 1957 முதல் பொதுமக்கள் பயன்படுத்துகிறார்கள். இத்தனை ஆண்டுகளில் வந்த கடுமையான பாதிப்புகள் மிக அரிது. அவற்றிலும் பல, குடித்ததாலோ அளவுமீறிப் பூசியதாலோ வந்தவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1998-இலும் 2014-இலும் மறு ஆய்வு செய்து, லேபிளில் சொன்னபடி பயன்படுத்தினால் கவலைக்கு இடமில்லை என்றது. உங்கள் நிலைக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு ஒன்று இருக்கிறது. தாய்லாந்து–பர்மா எல்லை அகதி முகாம்களில் சுமார் 900 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து நாள்தோறும் 20 சதவீத டீட் பூசக் கொடுத்தார்கள். 2001-இல் வெளியான முடிவில் தாய்மார்களுக்கோ, ஒரு வயது வரை தொடர்ந்து கவனித்த குழந்தைகளுக்கோ எந்தத் தீங்கும் தெரியவில்லை. சோதித்த தொப்புள்கொடி ரத்த மாதிரிகளில் சிலவற்றில் மட்டும், 8 சதவீதத்தில், டீட் தென்பட்டது. இதையும் மறைக்காமல் சொல்கிறேன். கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்கிறது. அதனால்தான் தேவையான நேரத்துக்கு, தேவையான இடத்தில் மட்டும் பூசுங்கள் என்கிறேன். ஆனால் கொசு கடித்து வரக்கூடிய நோயையும், இந்தச் சிறு அளவு மருந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தயக்கமே இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் பதிவு பெற்ற விரட்டிகளைக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பூசலாம் என்றுதான் சொல்கிறது. பிறக்கப்போகும் பாப்பாவுக்கு மட்டும் முதல் இரண்டு மாதம் எதையும் பூச வேண்டாம். தொட்டிலுக்கும் தள்ளுவண்டிக்கும் வலை போடுங்கள்.

மகனுக்கு எடுத்தால் டீட் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் சொல்கிறது. அவன் கையில் டப்பியைக் கொடுக்காதீர்கள். உங்கள் உள்ளங்கையில் எடுத்து அவனுக்குத் தடவுங்கள். விரல்களை விட்டுவிடுங்கள், அவை வாய்க்கும் கண்ணுக்கும் போகும். முகத்துக்கும் உள்ளங்கையில் எடுத்தே தடவுங்கள், நேராக ஸ்பிரே அடிக்கக் கூடாது. கீறல், புண் உள்ள இடம் வேண்டாம். ஆடைக்கு அடியில் பூச வேண்டாம்.

பூசுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது, இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மருந்து பூசிய இடத்தைத்தான் காக்கும். உடம்பைச் சுற்றி அது சுவர் எழுப்புவதில்லை. இரண்டு விரல் அகலம் விட்டுப்போனால் கொசு அந்த இரண்டு விரல் அகலத்தில் உட்காரும். வாசனைத் திரவியம்போல் கழுத்தில் ஒரு பொட்டு, மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு "மருந்து சரியில்லை" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். திறந்திருக்கும் தோல் முழுக்க மெல்லியதாக, சீராகத் தடவ வேண்டும். காதின் பின்புறம், கழுத்தின் பின்புறம், கணுக்கால், செருப்புப் பட்டைகளுக்கு இடையே தெரியும் பாதம், இவைதான் வழக்கமாக விடுபடும். கணுக்காலையும் பாதத்தையும் நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பார்ட் நோல்ஸ் என்ற டச்சு ஆய்வாளர், கால் விரலிடுக்கில் வாழும் பாக்டீரியாவின் உறவினம்தான் லிம்பர்கர் என்ற நாற்றமடிக்கும் பாலாடைக்கட்டியிலும் இருக்கிறது என்று கவனித்து, மலேரியாக் கொசு இரண்டு வாசனைக்கும் ஒரே மாதிரி ஓடி வருவதைக் காட்டினார். அதற்காக 2006-இல் சிரிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசும் வாங்கினார்.

வெயிலில் இருக்கும்போது சன்ஸ்கிரீன் முதலில். அது தோலில் ஊறிய பிறகு மேலே கொசு விரட்டி. இரண்டும் ஒன்றாகக் கலந்து விற்பதை வாங்காதீர்கள். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், விரட்டிக்கு அது தேவையில்லை. கலவையைப் பூசினால் மருந்து தேவையில்லாமல் ஏறிக்கொண்டே போகும். டீட் போட்டால் சன்ஸ்கிரீனின் காப்பும் ஓரளவு குறையும் என்பதால் தொப்பியையும் நிழலையும் விடாதீர்கள். நீரில் இறங்கி எழுந்தாலோ வியர்வை வழிந்தாலோ விரட்டியை மறுபடி தடவுங்கள். இரவு படுக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

உடை விஷயம் சுருக்கமாக. வெளிர் நிறம், தளர்வு, முழுக்கை, முழுக்கால். தளர்வு ஏன் என்றால், உடம்போடு ஒட்டிய மெல்லிய துணியின் வழியாகக் கொசு ஊசியைச் செருகிவிடும். லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு காலை மூடிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். கால்சட்டை விளிம்பைக் காலுறைக்குள் செருகினால் பார்க்க வேடிக்கையாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். துணிமேல் தெளிக்கும் 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கிடைத்தால், அது பல சலவை வரை நிற்கும். தோலில் படக் கூடாது. துணியை வெளியில் தொங்கவிட்டுத் தெளித்து, முழுதாகக் காய்ந்த பிறகே உடுத்த வேண்டும். இந்த வேலையைக் கணவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் துணி காயும் வரை அதைப் பக்கத்தில் விடாதீர்கள். ஈரமான பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

மாலை நடையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கொசு சாயங்காலம்தான் கடிக்கும் என்று கதவைச் சாத்துகிறீர்கள். அது பாதி உண்மை. க்யூலெக்ஸ், அனாஃபிலிஸ் என்ற கொசு வகைகள் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை வேட்டையாடுபவை. காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் பகலில் கடிப்பது. விடிந்த பிறகு ஓரிரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன் சில மணி நேரமும் அதற்கு உச்சம். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் பரப்புவது அதுதான். எனவே இரவுக்கு மட்டும் தயாராகிவிட்டுப் பகலில் தோட்டத்தில் வெறும் காலோடு நிற்பதில் அர்த்தமில்லை. நடைக்கு நல்ல நேரம், வெயில் ஏறிய காலையின் பிற்பகுதி. மாலைதான் தோதென்றால் திறந்த, காற்றோட்டமான பாதையில் நடங்கள். புதரோரம், தேங்கிய நீரோரம் வேண்டாம். நடந்துகொண்டிருக்கும்போது அவ்வளவாகக் கடிக்காது, நின்று பேசத் தொடங்கியதும் மொய்க்கும். மூச்சு வாங்க, வியர்த்து நிற்கும் அந்த நேரம்தான் உங்கள் தடயம் மிக அழுத்தமாக இருக்கும் நேரம்.

இனி விசிறி. கொசு மிக மெதுவாகப் பறக்கும் பூச்சி; மணிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவுதான். அதைவிட வேகமான காற்றை எதிர்த்து அதனால் முன்னேற முடியாது. காற்று உங்கள் மூச்சையும் தோல் வாசனையையும் கலைத்தும்விடுகிறது. ஆக, விசிறி வழியையும் மறிக்கிறது, தடயத்தையும் அழிக்கிறது. வீட்டுக்கு வெளியே உட்காரும்போது நிற்கும் மின்விசிறி ஒன்றைத் தாழ்வாக, கால் பக்கம் காற்று படும்படி வையுங்கள். நான் இதுவரை சொன்ன பொருட்களிலேயே பக்கவிளைவு இல்லாதது இது ஒன்றுதான். எனக்குத் தெரிந்த பூச்சியியல்காரர்கள் தங்கள் வீட்டில் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான்.

கொசுவத்திச் சுருளை உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அது கொசுவைக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2003-இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. திறந்த வெளியில் காற்று அடித்துக்கொண்டு போகும் என்றாலும், கர்ப்பிணியும் குழந்தையும் உட்காரும் இடத்தில் எதற்கு? குடிலுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொளுத்தவே கூடாது. புகை, தீ இரண்டும் ஆபத்து.

ஏரிக்கரையில் இடம் பார்க்கும்போது நீர் விளிம்பிலிருந்தும் உயர்ந்த புல்லிலிருந்தும் விலகி, கொஞ்சம் மேடான, காற்று வரும் இடமாகப் பாருங்கள். பகலில் கொசுக்கள் ஓய்வெடுப்பது புதர் நிழலில். நாமும் நிழல் தேடிப் புதருக்கு அருகேதான் பாயை விரிக்கிறோம். தனி மரத்தடி நிழல் பரவாயில்லை. அலையடிக்கும் திறந்த ஏரி நீரில் கொசுப்புழு அதிகம் வளராது. ஓரத்தில் செடி மண்டித் தேங்கிய குட்டைகள்தான் அதன் இடம். அந்தப் பக்கத்தைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது. இரவில் ஜன்னல் வலை கிழியாத குடிலாகக் கேட்டு வாங்குங்கள், கையோடு ஒரு கொசுவலையும் எடுத்துப் போங்கள். இருட்டுவதற்கு முன்பே கதவைச் சாத்தி, டார்ச் அடித்து மூலைகளிலும் கட்டிலுக்கு அடியிலும் இருக்கும் கொசுக்களை மின்மட்டையால் அடித்துவிட்டு, வலையின் விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். வலையோடு கை கால் ஒட்டிக் கிடந்தால் வெளியிலிருந்தே கடிக்கும், மகனை நடுவில் படுக்க வையுங்கள்.

வீட்டைச் சுற்றியும் ஒரு பார்வை பாருங்கள். ஏடிஸ் பிறந்த இடத்திலிருந்து அதிக தூரம் போகாத கொசு. பகலில் தோட்டத்தில் உங்களைக் கடிப்பது பெரும்பாலும் உங்கள் வளாகத்திலோ பக்கத்து வளாகத்திலோ பிறந்ததாகத்தான் இருக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள். அதனால் வாரத்துக்கு ஒருமுறை பூந்தொட்டித் தட்டு, வாளி, பழைய டயர், அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய் எல்லாவற்றிலும் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டால் அந்தச் சுற்று அறுந்துவிடும். கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்க்கவும் வேண்டும். ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கிறது. அவை காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். கொட்ட முடியாத அலங்காரக் குளம் இருந்தால் பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து வில்லைகள் உண்டு. கொசுப்புழுவைக் கொல்லும், மீனையும் மனிதரையும் ஒன்றும் செய்யாது.

உங்கள் மகனின் வீக்கம். கடித்த சில மணி நேரத்துக்குள் பெரிதாகச் சிவந்து, சூடாக, கெட்டியாக வீங்கினால், அது பெரும்பாலும் கொசுவின் எச்சிலிலுள்ள புரதங்களுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை. சில குழந்தைகளுக்கு லேசான காய்ச்சலும் சேர்ந்து வரும். சிறு குழந்தைகளிடம்தான் இது அதிகம். வருடங்கள் போகப் போக உடம்பு பழகி, பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். கடித்ததும் சோப்பால் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை பத்து நிமிடம் வையுங்கள். கலமைன் பூசலாம். அவனுக்கு வீக்கம் பெரிதாக வருவதால், பயணத்துக்கு முன்பே குழந்தை மருத்துவரைப் பார்த்து, அரிப்புக்கான மருந்தும் ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பும் எந்த அளவில் தரலாம் என்று எழுதி வாங்கி வையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சொறிந்த புண்ணில் கிருமி ஏறுவதுதான் கடியைவிடத் தொல்லை. வீக்கம் உடனே வராமல், இரண்டு மூன்று நாள் கழித்துச் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, வலி கூடினாலோ அது கிருமித் தொற்றாக இருக்கலாம், காட்டுங்கள். முகம், உதடு வீங்கி மூச்சுத் திணறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். கொசுக்கடியில் இது மிக அரிது.

திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கொசு கடித்த நாலு முதல் பத்து நாளுக்குள் டெங்கு தலைகாட்டும். மலேரியா ஒரு வாரத்துக்கு முன் வராது. சில வகை மாதங்கள் கழித்தும் வரும். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் பாராசிட்டமாலைத் தவிர வேறு வலிமாத்திரை வேண்டாம். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். உங்களுக்கே காய்ச்சல் என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போய், எத்தனையாம் மாதம், ஏரிக்கரைக்கு எந்தத் தேதியில் போனீர்கள் என்ற இரண்டையும் அவர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள்.